மேகத்துக்கு யார் கையெழுத்துப் போட்டது?

அரசு அலுவலகச் சுவர்கள் வெறுமையாக இருப்பதால்தான் பொதுமக்கள் மனச்சோர்வு அடைகிறார்கள் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. நாலு மணி நேரம் வரிசையில் நிற்பதால் இருக்கலாம் என்று குழுவுக்குத் தோன்றவில்லை. எனவே, என் அக்கா வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் பிரதி எடுத்து எல்லாக் கிளைகளிலும் மாட்டும்படி உத்தரவாயிற்று. பேருந்து நிலையத்தின் மேல் சாம்பல் நிறத்தில் திரண்டு நிற்கும் மழை மேகம். தான் வரைந்ததிலேயே உருப்படியானது என்று அக்கா ஒப்புக்கொண்ட ஒரே படம்.

அச்சடிப்பவன் நான். முதல் மாதிரி எடுத்தபோது இயந்திரத்தில் நீல மை வரும் துளை அடைத்துக்கொண்டு, மேகம் செக்கச்செவேலென்று வந்தது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு, துளையைச் சுத்தம் செய்து, சரியாக இன்னொன்று எடுத்தேன். மாதிரி வாங்க வந்த ஊழியர் ஓரத்தில் கிடந்ததைக் கொண்டுபோய்விட்டார். துறை இயக்குநர் அதில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார்.

அசலைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். கண்காணிப்பாளர் இரண்டையும் ஜன்னலோரம் வைத்துப் பொறுமையாக ஒப்பிட்டார்.

"பொருந்தலைதான். அசல்ல தப்பு இருக்கு."

"அசல்ல எப்படி சார் தப்பு வரும்? தப்பு என் மிஷின்ல."

"உங்க மிஷின் அடிச்சதுக்கு இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கார். மேகத்துக்கு யார் போட்டிருக்கா?"

விதி தெளிவாக இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட மாதிரியோடு பொருந்தாத அசல் போலி எனக் கருதப்படும், போலி அழிக்கப்படும். திருத்திக்கொள்ள ஏழு நாள் அவகாசம். படத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அக்கா நேரில் போய்ச் சண்டை போட்டாள்.

"மழை மேகம் எப்படி சார் செவப்பா இருக்கும்?"

"அது வானிலைத் துறைம்மா. அதுல நாங்க தலையிட முடியாது."

நீர்வண்ணத்தில் போட்டது போட்டதுதான், அழிக்க வழியில்லை. ஏழாம் நாள், கண்காணிப்பாளரின் மேஜையிலேயே உட்கார்ந்து, அக்கா மேகத்தின் மேல் சிவப்பைப் பூசினாள். நான் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். வெட்கமாக இருந்தது.

"இப்பத்தான் பார்க்க அசல் மாதிரி இருக்கு" என்றார் அவர்.

படத் திறப்பு விழாவில் ஒரு விமர்சகர் அந்தச் சிவப்பின் துணிச்சலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு கேட்கவா வேண்டும்? திரைச்சீலையில் சிவப்பு மேகம், குடையில் சிவப்பு மேகம். சாம்பல் மேகம் வரைந்தவர்களைக் கண்காட்சிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நானும் நீல மைத் துளையை இப்போது வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறேன். வந்தவர்கள் அதைத்தானே கேட்கிறார்கள்?

நேற்று மத்தியானம் நல்ல மழை. அக்கா என் அச்சக ஜன்னலைத் திறந்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள்.

"என்னடா, கலர் சரியா விழலையே?" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது.