சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஓர் உர ஆய்வு

உலக வேளாண்மை வரலாற்றில் 2006ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டுதான் சிட்லபாக்கத்தில் எங்கள் காலனி நலச் சங்கம், எந்தப் பயிர் உரத்தை வீணாக்காமல் சாப்பிடுகிறது என்று அளந்து பார்த்தது. கௌரவச் செயலாளர் என்ற முறையில் தராசைப் பிடிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஏரியோரம் சங்கத்துக்கு ஒரு காலி மனை இருந்தது. அதில் அங்காளம்மா பத்து வருடமாகக் கீரை போட்டு, கூடையில் சுமந்து வந்து எங்களுக்கே விற்றுப் பிழைத்துவந்தார். கீரையின் 'திறன்' குறைவு என்று நிரூபணமானால் அங்கே ஷட்டில் கோர்ட் வரும் என்று தலைவர் சுந்தரராமன் அறிவித்தார். அவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி, விருப்பு வெறுப்பற்றவர். கோர்ட்டுக்கான வலையை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.

சூத்திரம் எளிது: விளைச்சலை உரத்தால் வகுக்க வேண்டும். தலைவர் வீட்டு மொட்டைமாடித் தக்காளிக்கு ஒரு ஸ்பூன் யூரியா. கீரைக்கு இரண்டு கூடை ஈரச் சாணம். இரண்டையும் பாரபட்சமின்றி ஒரே தராசில் எடை போட்டேன்.

"சாணில முக்காவாசி தண்ணி சார். காய வெச்சி எடை போட்டா கால்வாசி கூட தேறாது," என்றார் அங்காளம்மா.

"தண்ணிக்குத் தள்ளுபடி குடுக்க விதியிலே இடமில்லையேம்மா," என்றார் தலைவர் கனிவாக.

ஒப்பிட்டுப் பார்க்க, உரமே போடாத செடி ஒன்று வேண்டும் என்றார் சங்க உறுப்பினர் சத்யநாராயணன். சிறுசேரியில் மென்பொருள் எழுதுகிறவர் சொன்னால் அது விஞ்ஞானம். ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளிவந்தோம். எடை நாற்பது கிலோ, உரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னதும் அவருடைய லேப்டாப் விடை தர மறுத்துவிட்டது.

"கம்ப்யூட்டராலேயே அளக்க முடியாத திறன்னா பாத்துக்கோங்க," என்று நெகிழ்ந்தார் தலைவர். ஆகாயத்தாமரைக்கு முதலிடம். தக்காளி இரண்டாவது. கீரை கடைசி.

அங்காளம்மா ஏரிப் பக்கம் கையை நீட்டினார்.

"அதுக்கு உரம் போடலன்னு யார் சொன்னது? உங்க அத்தினி பேர் வூட்டு கக்கூஸ் பைப்பும் எங்க போய் வுழுது சார்?"

கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் நான் பதியவில்லை. உள்ளுக்குள் கூசியது உண்மை. ஆனால் கூச்சத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றே பாத்திகளை அகற்றினோம். பிடுங்கிய கீரை, உறுப்பினர்களுக்குத் தலைக்கு இரண்டு கட்டு இலவசம். நானும் வாங்கிப்போய் மசித்துச் சாப்பிட்டேன். மறுநாள் காலை, முதலிடம் பெற்ற பயிருக்கு என் பங்கு உரத்தைத் தவறாமல் செலுத்தினேன்.