ஆயிரத்து அறுநூற்று அறுபது நிமிட வெயில்

என் ரத்தத்தில் வைட்டமின் டி பதினெட்டுதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

"பதினெட்டு என்ன?" என்று கேட்டேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் குசும்புக்குக் கேட்கவில்லை. எட்டாவதோடு படிப்பை முடித்து, நட்டு போல்ட் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். 'பத்து அனுப்பவும்' என்று மொட்டையாகச் சீட்டு வந்தால் வந்த வழியே திருப்பி அனுப்புவேன். பத்து டஜனா, பத்துப் பெட்டியா, பத்துக் கிலோவா? எத்தனை, எதில் என்று இரண்டும் இருந்தால்தான் அது சீட்டு. முதலாளியின் சீட்டையே நான்கு முறை திருப்பியிருக்கிறேன். இந்தப் பெருமையை வீட்டில் அவ்வப்போது சொல்வேன். அவ்வப்போது என்றால் வாரத்துக்கு இரண்டு முறை.

"பதினெட்டு நானோகிராம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துல," என்றார் டாக்டர்.

"நானோன்னா?"

"ஒரு கிராமை நூறு கோடிப் பங்காப் போட்டா அதுல ஒரு பங்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கிடங்குத் தராசு ஐந்து கிராமுக்குக் கீழே போனால் முள்ளையே அசைக்காது. இங்கே நூறு கோடிப் பங்கில் பதினெட்டை ஒருவர் எண்ணி, காகிதத்திலும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்! இப்படி ஒரு இருப்பை உள்ளே வைத்துக்கொண்டு அறுபத்தாறு வருடம் கணக்கே பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"முப்பதுக்கு மேல இருக்கணும். வாரம் ஒரு மாத்திரை, தினமும் கை கால்ல கொஞ்ச நேரம் வெயில். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

என்னை டாக்டரிடம் கொண்டுபோன கால் வலி உண்மைதான். முன்பெல்லாம் நாற்காலியிலிருந்து எழ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் போதும். இப்போது ஏழு வரை போகிறது. சில நாள் ஏழிலும் எழ முடியாமல், மனைவியின் கையைத் தேடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானத்தை அறிவித்தேன்.

"மாத்திரை வேண்டாம். வெயிலிலேயே ஏத்திக் காட்டுறேன்."

"டாக்டர் ரெண்டையும்தானே சொன்னாரு?"

"சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தாண்டி எனக்காக வருது. அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"உங்களுக்காகவா வருது? என் துணி காய வருது."

"தொண்ணூறு நாள் குடு. முப்பதைத் தாண்டினா நீ மாத்திரைப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"தாண்டலைன்னா?"

"நீ சொல்றதைக் கேக்குறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி," என்றாள். அவ்வளவுதான். அவள் இத்தனை சுருக்கமாக ஒத்துக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது முறை. முதல் முறையும் எனக்கு நல்லபடியாக முடியவில்லை.

எங்கள் வீடு மேல்மாடி. அறைக் கதவைத் திறந்தால் மொட்டை மாடி, துணிக்கொடி, அதற்கு அப்பால் தெரு. முதல் நாள் சட்டைக் கையை மடித்து, வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு பால்கனியில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் நின்றிருந்தார். ஹார்னோடு போட்டி போட்டுப் பழகிய குரல்.

"அண்ணே! துணி பத்தலைன்னு அண்ணி உங்களையும் காயப் போட்டுட்டாங்களா?"

தெருவில் மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். நான்காவது ஆள் பார்ப்பதற்குள் நான் உள்ளே இருந்தேன். கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. கல்யாணப் போட்டோவிலேயே நான் அவள் தோளுக்குப் பின்னால்தான் தெரிவேன். துணி உலர்த்த ஒரு கை கொடுங்கள் என்று அவள் பதினோரு தடவை கேட்டும் நான் மறுத்தது இந்தத் தெருவுக்குப் பயந்துதான்.

மறுநாள் நாற்காலியை அறைக்குள் போட்டேன், பெரிய ஜன்னலுக்கு உள்பக்கமாக. கண்ணாடி வழியாக வெயில் முழங்கால் வரை வழிந்தது.

"ஜன்னலைத் திறந்துட்டு உக்காருங்க. கண்ணாடி வழியா வந்தா ஏறாதுன்னு ரத்தம் எடுத்த பொண்ணு..."

"நீ சும்மா இரு. வெளிச்சம் உள்ள வருது. சூடு உள்ள வருது. வைட்டமின் மட்டும் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குமா?"

அவள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனாள்.

நாளுக்கு இருபது நிமிடம். நோட்டுப் போட்டு எழுதினேன். மேகம் மறைத்த ஏழு நாளைக் கழித்தால் எண்பத்து மூன்று நாள். ஆக, ஆயிரத்து அறுநூற்று அறுபது நிமிடம்.

பழைய லேபில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தியிருந்தார்கள். தொண்ணூறு நாள் முடிந்ததும், நான்காவதுக்கு வாய்ப்பளிக்காமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு லேபுக்குப் புறப்பட்டேன்.

"நானும் வர்றேன். என் ரத்தத்தையும் பாத்துடுவோம்," என்று அவளும் வந்தாள்.

மறுநாள் காகிதம் வந்தது. நாற்பத்தைந்து!

நான் கத்தவில்லை, கத்திப் பழக்கமில்லை. காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து. இருபத்தேழு ஏறியிருக்கிறது. அறுபத்தொன்றரை நிமிடத்துக்கு ஒன்று வீதம் சூரியன் எனக்குச் சரக்கு இறக்கியிருக்கிறது! ஒரு நாள்கூட நேரம் தவறாத அந்தச் சப்ளையரை நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

"இந்தா பாரு. மாத்திரையைத் தூக்கிப் போடு."

"போட்டுடலாம். எழுந்து வாங்க."

எழுந்தேன். ஏழு எண்ணினேன்.

"நாப்பத்தஞ்சு ஏறின காலு ஏன் இன்னும் ஏழு எண்ணுது?" என்றாள்.

"துருப்பிடிச்ச போல்ட்டுக்கு எண்ணெய் விட்டாலும் உடனே சுத்துமா?"

அவள் பழைய காகிதத்தை எடுத்து வந்து புதியதற்குப் பக்கத்தில் விரித்தாள்.

"பழசுல, உங்க எண்ணுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"இருக்க வேண்டிய அளவு. முப்பதுல இருந்து நூறு."

"புதுசுல?"

"எழுபத்தஞ்சுல இருந்து..." என் குரல் இறங்கியது. "இருநூத்தம்பது."

"நாப்பத்தஞ்சு அதுக்கு மேலயா, கீழயா?"

"அச்சுப் பிழையா இருக்கும்."

"நீங்கதான் கணக்குல புலியாச்சே. முப்பது எழுபத்தஞ்சு ஆகணும்னா எத்தனை மடங்கு?"

"ரெண்டரை."

"நூறு இருநூத்தம்பது ஆக?"

"அதுவும் ரெண்டரை."

"அப்ப நாப்பத்தஞ்சை ரெண்டரையால வகுங்க."

வகுத்தேன். நம்பாமல் திருப்பிப் பெருக்கிப் பார்த்தேன். பதினெட்டு. இருந்த இடத்திலேயே அப்படியே நின்றிருந்தது.

அவள் விரல் எண்ணுக்கு அடுத்திருந்த பொடி எழுத்துக்கு நகர்ந்தது. பழையதில் நானோகிராம். புதியதில் நானோமோல். நானோ வரைக்கும் படித்துவிட்டு மரியாதையோடு நிறுத்தியிருந்தேன்.

"எத்தனைன்னு பாத்தீங்க," என்றாள் மெதுவாக. "எதுலன்னு பாத்தீங்களா?"

முப்பத்தெட்டு வருடத்தில் நான் திருப்பி அனுப்பிய சீட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து என் முகத்தில் விழுந்தன.

"மோல்னா என்ன?"

"எனக்கும் தெரியாது. கிராம் இல்லைன்னு மட்டும் தெரியுது."

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். பதினைந்து கோடி கிலோமீட்டரை அலட்சியமாகத் தாண்டி வந்தது, நாலு மில்லிமீட்டர் கண்ணாடியில் நின்றுவிட்டது. என் நோட்டில் ஆயிரத்து அறுநூற்று அறுபது என்று நான் எழுத எழுத, ஒரு பங்கைக்கூடப் பொய்யாக வரவு வைக்காமல் என் ரத்தம் பதினெட்டையே காத்திருக்கிறது. எவ்வளவு கறாரான கிடங்கு! அதையும் படிக்கத் தெரிந்தவள் எனக்கு எதிரே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடது எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு."

"எதுல?" உஷாராகக் கேட்டேன்.

"மோல்லதான். வகுத்தா முப்பத்தி நாலு. தினமும் வெயில்ல துணி காயப் போடுறேன்ல."

"கண்ணாடி ஆகாதுன்னு தெரிஞ்சும் தொண்ணூறு நாள் சும்மா இருந்தியே!"

"எண்பத்து மூணு நாள். ஏழு நாள் மேகம். அதோட, நான் சொன்னேன். நீங்கதான் என் பேச்சையும் செருப்பைக் கழட்டச் சொல்லி வாசல்ல நிறுத்தினீங்க. நான் சொன்னா எப்ப கேட்டிருக்கீங்க? அதான் உங்க ரத்தத்தையே சொல்ல விட்டேன்."

மறுநாள் மாத்திரையை விழுங்கினேன். வேட்டியை முழங்காலுக்கு ஏற்றினேன். வாக்கு வாக்குதான், வாளியை என் கையில் கொடுத்தாள். இருபது துணி, இருபது நிமிடம். எதிர் பால்கனி முழங்கியது.

"அண்ணே, பிரமோஷனா?"

காது கேளாதவன் போல வேட்டி, துண்டு, தலையணை உறை என்று ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டேன். ஜன்னலுக்கு உள்ளே, என் நாற்காலியில், டீயோடும் என் கைக்கடிகாரத்தோடும் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரலாமா என்று சைகையில் கேட்டேன். கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"இன்னும் எட்டு இருக்கு."

விடுவேனா? "எட்டு என்ன? நிமிஷமா, துணியா?"

"ரெண்டும்," என்று சொல்லி, கண்ணாடியைச் சாத்திக்கொண்டாள்.