காலிவீட்டார் மூன்று முறை தட்டுவார்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் காவிரித் தண்ணீர் எட்டாத வயல்கூட உண்டு. காலிவீட்டார் தட்டாத பூட்டிய வீடு கிடையாது.

வங்கிகள் ஜப்தி செய்து ஏலத்துக்கு விடும் வீடுகளை, வாங்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது அவருடைய தொழில். வீடு விற்றால்தான் அவருக்கு வருமானம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நான் விசாரித்த யாருக்கும் அது தெரியவில்லை.

மஞ்சள் பையிலிருந்து சாவியை எடுப்பார். ஆனால் திறக்க மாட்டார். வெளியே தொங்கும் பூட்டுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தாலும் முதலில் மூன்று முறை கதவைத் தட்டுவார். "உள்ள வரலாங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். முதல் நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம்.

"பூட்டின வீட்ல யாருண்ணே இருக்கப் போறாங்க?" என்றேன்.

"பேங்க்ல காலின்னு எழுதித்தான் குடுக்கிறாங்க சார். அவங்க உள்ள வந்து பாத்ததில்லையே."

எனக்கு வீடு அவசரமாகத் தேவைப்பட்டது. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மகன் தோகாவிலிருந்து பொங்கலுக்குக் குடும்பத்தோடு திரும்புகிறான். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மார்கழியில் யாரும் புதுவீடு புகுவதில்லை. ஆகவே கார்த்திகைக்குள் வீடு கிடைத்தாக வேண்டும். என் ஓய்வூதியச் சேமிப்புக்கு ஏல வீடுதான் எட்டும். என் டயரியின்படி, முதல் வீட்டைப் பார்க்க நானும் என் மனைவியும் போனது ஆவணி முதல் வெள்ளி.

அது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில். தட்டினார், கேட்டார், காத்திருந்தார், திறந்தார். சமையலறைக்குள் ஓரடி வைத்தவர் அப்படியே பின்வாங்கிக் கதவைச் சாத்தினார்.

"ஆள் இருக்காங்க."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அடுப்பு மேடையில், கேஸ் அடுப்பு இருந்த இடத்தில், ஒரு பெண்மயில் அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்த பார்வையில், வாடகை பாக்கி எதுவும் இல்லாதவர்களின் நிம்மதி தெரிந்தது.

"குஞ்சு பொரிச்சதும் வருவோம்" என்றார் காலிவீட்டார். அதற்குள் அந்த வீட்டுக்கு ஏலத் தேதி வந்து போய்விட்டது.

இரண்டாவது வீடு மன்னார்குடியில், புரட்டாசி மூன்றாம் தேதி. முற்றம் வைத்த வீடு. வெயிலும் காற்றும் தாராளம் என்று சொல்லிக்கொண்டே திறந்தார். முற்றம் முழுக்கப் பச்சைப் பசேலென்று நாற்று. பக்கத்து வீட்டு விவசாயி பிளாஸ்டிக் தாள் விரித்து, மண் பரப்பி, சம்பாவுக்குப் பாய் நாற்றங்கால் போட்டிருந்தார். நாங்கள் வாயைப் பிளந்து நிற்கும்போதே மதில் மேல் அவர் தலை தெரிந்தது.

"வெளியில போட்டா ஆடு மேஞ்சிடுதுங்க. பத்து நாள்ல எடுத்துடுறேன்."

"ஏலம் அடுத்த வாரம்யா" என்றேன்.

காலிவீட்டார் குனிந்து நாற்றைத் தடவிப் பார்த்தார். "பயிர் நிக்கிறப்ப நெலத்தையே கைமாத்த மாட்டோம் சார். அறுத்துக் களம் ஏறட்டும்னு விடுவோம்."

"இது நெலம் இல்லண்ணே, முற்றம்."

"பயிருக்கு அது தெரியுங்களா?"

மன்னார்குடி வீட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். காலிவீட்டாருக்குக் கிடைத்தது, அந்த விவசாயி கொடுத்த இரண்டு பூசணிக்காய். ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்.

பேருந்தில் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இவரு வீட்டைக் காட்டுறாரா, வீட்ல இருக்கறவங்களைக் காட்டுறாரா?"

மூன்றாவது வீடு திருவாரூர் சாலையில். ஐப்பசி பதினேழு, தூறல். கார்த்திகை முடிய ஒன்றரை மாதம்கூட இல்லை. உள்ளே மயில் இல்லை, பயிர் இல்லை. என் மனைவி முகத்தில் முதல்முறையாக நம்பிக்கை தெரிந்தது. பாத்ரூம் கதவைத் தள்ளினேன். உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"இதோ வந்துட்டேன்" என்றது ஒரு குரல்.

"அவசரமில்லைங்க" என்றார் காலிவீட்டார்.

தோளில் துண்டோடு வெளியே வந்தவர் வீட்டின் பழைய சொந்தக்காரர். அரைவை மில் வைத்து நொடித்தவர். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் நாலு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூமாம். அதனால் தினமும் கொல்லைக் கதவு வழியாக வந்துபோகிறார். அவர் வெட்கப்பட்டார். நாங்களும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றோம். காலிவீட்டார் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றார்.

"ஐயா, இவங்க நல்ல மாதிரி. வீட்டைப் பாக்கலாங்களா?"

பெரியவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நோட்டீஸ் ஒட்ட வந்தாங்க. சீல் வைக்க வந்தாங்க. போட்டோ எடுக்க வந்தாங்க. ஒருத்தரும் என்னைக் கேக்கலீங்க" என்றார். "வாங்க, நானே காட்டுறேன்."

ஒரு மணி நேரம் காட்டினார். தெற்கு மழைக்கு மாடி அறை ஒழுகும். மோட்டாரை நிறுத்திப் பத்து எண்ணிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். கொல்லை எலுமிச்சைக்கு வெந்நீர் ஆகாது. அத்தனையும் தேதியோடு என் டயரியில் இருக்கிறது. அந்த வீட்டைத்தான் ஏலத்தில் எடுத்தோம். கொல்லைக் கதவுக்கு ஒரு சாவியைப் பெரியவர் கையில் கொடுத்தோம். வாடகை வீட்டை மாற்றும்வரை வந்துபோனார்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். காலிவீட்டார் வந்தார். மூன்று முறை தட்டி, "உள்ள வரலாங்களா?" என்றார்.

"வாங்கண்ணே" என்றேன்.

அவர் வாசலிலேயே நின்றார். கையில் பையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வருவதா போவதா என்று தெரியாதவர் மாதிரி.

"ஏண்ணே நிக்கிறீங்க? பால் ஆறுது" என்றாள் என் மனைவி.

"ஒண்ணுமில்லம்மா. தட்டினா உள்ளேருந்து யாரும் வாங்கன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

விசேஷ வீடு என்பதால் காலையிலிருந்து முன்கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. தெருமுனையில் மஞ்சள் பை தெரிந்ததும் நான்தான் போய்ச் சாத்தி வைத்தேன், அவர் தட்டுவதற்காக.