வீட்டுக்காரர் பெயர்

பாப்பாரப்பட்டி
13.9.1986

அன்புள்ள தம்பி அருள்நாதனுக்கு,

அக்கா தெரசா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீ சுகமா என்று கேட்க உன் படிவத்தில் கட்டம் இல்லை; அதனால் இங்கே கேட்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மருந்தகத்துக்கு ஓடி, நேற்று ஒட்டிய உன் கம்ப்யூட்டர் பட்டியலைக் கதவிலிருந்து பிய்த்தேன். பிரயோசனமில்லை. இங்கிலீஷ் எழுத்துதானே, யாருக்குப் புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். நேற்றே கம்பவுண்டர் மதலைமுத்து வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி வாசித்துக் காட்டிவிட்டாராம். அவரவர் குடும்ப விவரத்தைச் சரிபார்க்கட்டும், கதவில் ஒட்டு என்று எழுதியது நீதான்.

தகவல் அமைப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதல்ல, எப்படி அமைக்க வேண்டும் என்று விதி சொல்வதே உன் ஆராய்ச்சி என்றாய். சரியாக வடிவமைத்த படிவத்துக்கு விளக்கம் சொல்ல ஆள் வேண்டாம் என்பது முதல் விதி. அதைச் சோதிக்க, பதிவு மேசையில் என்னை ஒரு மாதம் வாய் திறக்காமல் உட்காரவைத்தாய். விதி பலித்தால் மேசையே வேண்டாம், உங்களுக்குப் பின்கட்டில் பழைய கோப்புகளோடு அமைதியான வேலை என்று நிர்வாகி சந்தோஷமாகச் சொன்னார். அமைதி எனக்கு வீட்டிலேயே நிறைய இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. கணவர் என்று போட்டால் ஊர்ப் பெண்களுக்கு அந்நியமாக இருக்கும் என்று நீ 'வீட்டுக்காரர் பெயர்' என்று போட்டாய். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்கள் எழுதவா போகிறார்கள்? பதினேழு பேர் 'அவுரு' என்று எழுதிக் கொடுத்தார்கள். உன் கம்ப்யூட்டர் அவுரு என்ற ஒரே ஆளுக்குப் பதினேழு பேரைக் கட்டிவைத்தது. தனிக்கட்டையான எனக்கும் விதவை லூர்தம்மாளுக்கும் வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குகிறவர்தான். தீர்த்தகிரி என்று எழுதினோம். அவருக்கு ஏற்கெனவே ராணியம்மாள் இருக்கிறார்.

அந்த ராணியம்மாள்தான் காலையில் மருந்தக வாசலில் நின்றுகொண்டிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்.

"ஏம்மா தெரசா, எம் வூட்டுக்காரருக்கு நாம மூணு பேராமே. அந்த மனுசனுக்கு என் ஒருத்திய சமாளிக்கவே தெம்பு பத்தல. ஆக்கிப் போடறதயாவது முறை வெச்சிக்கலாம்."

அப்படியே என்னோடு வந்து காபி குடித்தார். பத்து வருஷமாகக் குடியிருக்கிறேன், என் வீட்டில் அவர் உட்கார்ந்தது இன்றுதான். எங்கள் மூன்று வீட்டையும் ஒன்றாக்கி, பட்டியலில் என் குடும்பம் ஏழு பேர். தப்பென்று தெரிந்தும் நேற்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

போகும்போது கேட்டார்: "நீதான் அங்கியே உக்காந்திருந்தியே, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

சொல்லக் கூடாதென்று தம்பி உத்தரவு என்றேன்.

"அப்புறம் அங்க உனக்கு என்ன வேல?"

காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். இந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் காகிதத்தை நீட்டி, இதென்னங்க என்று கேட்டு, நான் சும்மா சிரித்ததைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

இருந்தாலும் ஒரு சொல்லால் உன் ஆய்வு கெட வேண்டாம். ஆள் தேவைப்படவில்லை என்ற சான்றில் நீ கேட்டபடி கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மாதா உன்னையும் உன் கம்ப்யூட்டரையும் காப்பாற்றட்டும். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அக்கா
தெரசா

பி.கு.: உறையை ஒட்டும்முன் சான்றை எடுத்துவிட்டேன், தேடாதே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளும் படிவத்தில் சேர்த்திதான் என்று புதிதாக ஒரு விதி எழுதிக்கொள். திங்கட்கிழமை முதல் மேசையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லப்போகிறேன், கேட்காதவர்களுக்கும். இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.