காதெலும்பரும் காணாமல் போன சனமும்

லண்டனில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களை அதிகம் தெரிந்துவைத்திருந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர்தான். காதெலும்பர். சொந்தப் பெயர் என்னவோ லிங்கம் என்று முடியும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எப்போதும் மறுபக்கம் திருப்பிப் போட்டிருப்பார், அதனால் முன்பாதி எனக்கு இன்றுவரை தெரியாது.

நானும் அவரும் மத்திய லண்டனில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தில் காலை ஷிப்டில் வேலை செய்தோம். மூன்றாம் மாடியில் பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் ஆய்வுகூடம் இருந்தது. ஐரோப்பாவில் எங்கெங்கோ தோண்டி எடுத்த, ஐயாயிரம் பத்தாயிரம் வருடத்து எலும்புகள் அங்கே வரும். உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் இரண்டு சோடிக் கையுறையும் போட்டுக்கொண்டுதான் போவார்கள். வெளியாள் ஒருவர் ஒரு தும்மல் போட்டால் போதும், கற்கால வேட்டைக்காரன் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்து ஆளாகிவிடுவான். ஆகவே எங்களுக்கு உள்ளே அனுமதியில்லை. உடுப்பு மாற்றும் அறை, நடைபாதை, குப்பைக்கூடைகள், அவ்வளவுதான்.

அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் இருந்தாள். வெள்ளைக்காரி, சின்ன வயது, அசாத்தியப் பொறுமை. காதெலும்பர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கேள்வி கேட்பார், அவளும் நின்று பதில் சொல்வாள். காதுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் கல்போல ஓர் எலும்பு இருக்கிறது, மற்றதெல்லாம் உக்கிப்போனாலும் அதற்குள் டிஎன்ஏ தங்கியிருக்கும் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. காதைத்தான் பார்ப்பார்.

"பிள்ளை, உமக்கு நல்ல எலும்பு. பத்தாயிரம் வருசம் தாங்கும்."

அந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஒருநாள் வேலை முடிந்து, எங்கள் வீடுகள் இருந்த ஃபாரஸ்ட் கேட்டுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கையில் பியர் டின்னோடு ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்து, வந்த இடத்துக்கே போய்த் தொலையும்படி கத்தினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பஸ்ஸே ஜன்னலைப் பார்த்தது. காதெலும்பர் மட்டும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"சேர், ஐஸ் உருகினதும் இஞ்ச வந்தவை வேட்டைக்காரர். தோல் என்னைப்போல, கண் மட்டும் வெளிர். அது முதலாம் ஷிப்ட். பிறகு துருக்கிப் பக்கத்தால கமக்காரர், வயல் செய்யிற சனம், வந்தவை. ரெண்டாம் ஷிப்ட். அதுக்குப் பிறகு கிழக்குப் புல்வெளியால மாட்டுக்காரற்றை பரம்பரை வந்தது. நீங்கள் மூண்டாம் ஷிப்ட், சேர். நான் நாலாம் ஷிப்ட். கட்டடம் ஒண்டுதான்."

பஸ் சிரித்தது. பியர்க்காரர் தோற்க விரும்பவில்லை. "அப்படியென்றால் இரண்டாம் ஷிப்ட் எங்கே?" என்று கேட்டார்.

காதெலும்பரின் முகம் சட்டென்று இறங்கிவிட்டது. "அதுதான் சேர் தெரியாது. சில நூறு வருசத்துக்குள்ள அந்தச் சனம் கிட்டத்தட்ட இல்லாமல் போச்சு. நோய் வருத்தமோ, வெட்டுக்கொத்தோ, ஆருக்கும் வடிவாத் தெரியாது. இல்லை எண்டு மட்டும் எலும்பு சொல்லுது. ஏன் எண்டு சொல்லுதில்லை."

அந்த மனிதர் அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டார். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். எங்கள் தரிப்பு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. மூன்று தரிப்புத் தள்ளி இறங்கி மழையில் நடந்தோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நடந்த செத்தவீடு அப்படியல்ல. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்து, தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். காதெலும்பர் வரிசையில் போய்ப் பூப்போட்டார். குனிந்து காதைப் பார்த்தார். பிறகு இறந்தவரின் மகனிடம் போனார்.

"தம்பி, அப்பாவை எரிக்காதையுங்கோ."

"என்ன அண்ணை?"

"எரிச்சால் ஒண்டும் மிஞ்சாது. மண்ணில தாட்டால் அந்த எலும்பு இருக்கும். ஆரெண்டு பிறகு கேட்டால் அது சொல்லும்."

"ஆர் கேக்கப் போயினம்?" மகன் அழுது வீங்கிய முகத்தோடு கத்தினான். "இவர் என்ரை அப்பா! இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் தெரியும்!"

காதெலும்பர் தலையாட்டினார். "ஓம். உங்களுக்கு ஆரெண்டு தெரியும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய குடையையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கார் தரிப்பிடத்தில் வைத்து நன்றாக ஏசத்தான் வாயெடுத்தேன்.

"எனக்கொரு தம்பி இருந்தவன் பிள்ளை," என்றார் அவர். "பத்தொன்பது வயசு. சைக்கிளில போனவன். சண்டை நேரம், சந்தியில மறிச்சு வாகனத்தில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். நான் போய்ப் பாக்கேக்கை சைக்கிள் மட்டும் நிண்டது. முப்பது வருசத்துக்கு மேல."

நான் அவருடைய குடையை அவர் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு குழியைப் பற்றிச் சொன்னாள். ஐயாயிரம் வருடத்துக்கு முன்னர், ஐரோப்பாவின் கிழக்குப் பக்கம். புல்வெளிக்காரர் மேற்கே பரவிய காலத்தை ஒட்டியது. தலையில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பெருங்குடும்பம். டிஎன்ஏ பார்த்தபோது, தாய்க்குப் பக்கத்தில் அவள் பிள்ளை, சகோதரனுக்குப் பக்கத்தில் சகோதரன் என்று வரிசையாகக் கிடத்தியிருந்தது தெரிந்ததாம். கொன்றவர்களுக்கு அந்த உறவு தெரிந்திருக்காது. தப்பியவர் யாரோ திரும்பி வந்து அடுக்கியிருக்க வேண்டும் என்றாள்.

காதெலும்பர் அன்று முழுவதும் ஒரே நடைபாதையைத் துடைத்தார்.

சில வாரத்தில் ஊரிலிருந்து செய்தி வந்தது. அவருடைய பகுதியில் ஏதோ வேலைக்காக நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்திருந்தன. ஒன்றிரண்டல்ல. நீதிமன்ற உத்தரவோடு மேலும் தோண்டுகிறார்கள் என்றார்கள். காதெலும்பர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தடுத்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆய்வுகூடம் அல்லோலகல்லோலப்பட்டது. கற்கால மனிதர்கள் குளிரில் உறங்கிய பெட்டிக்குள் யாரும் வைக்காத ஒரு குழாய். அதற்குள் துப்பல். வெளியே தமிழில் எழுதி ஒட்டியிருந்தது: "இது அண்ணன். தம்பியைத் தேடவும்."

உடுப்பு மாற்றும் அறையில் ஒரு வெள்ளை உடுப்பும் குறைந்திருந்தது. முழு ஆய்வுகூடத்தையும் மூடி, மூலைமுடுக்கெல்லாம் பிளீச் அடித்தார்கள். காதெலும்பரை விசாரணைக்குக் கூப்பிட்டு, மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை.

"இப்படி ஏன் செய்தீர்கள்?" என்று முகாமையாளர் கேட்டார்.

"சொல்லும் பிள்ளை. ஐயாயிரம் வருசத்து ஆளுக்கு ஆர் சகோதரம் எண்டு கண்டுபிடிக்கினம். என்ரை தம்பிக்கு முப்பது வருசம்தானே. இவைக்குச் சுகமான வேலையா இருக்கும் எண்டு நினைச்சன்."

முதல் பாதியை மொழிபெயர்த்தேன். மிச்சத்தை விட்டுவிட்டேன். ஆனாலும் அங்கே இருந்த அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது; ஊரில் தோண்டுவதை அவர் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். அவள் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: எச்சில் மட்டும் போதாது. ஊர்க் குழியில் எடுத்த எலும்பும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் சகோதரனா என்று சொல்லலாம். ஆனால் அதை அங்கே, அதற்குப் பொறுப்பானவர்கள்தான் செய்ய வேண்டும்.

"அப்ப நான் அங்க போகவேணும்" என்றார் காதெலும்பர். அது ஆங்கிலத்தில் வந்தது.

வேலை போய்விட்டது. அந்தக் குழாய் மருத்துவக் கழிவுப் பைக்குள் போனது. பையைக் கட்டிக் கீழே கொண்டுபோனது நான்தான்.

அகதியாக வந்தபிறகு அவர் ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"பயமா அண்ணை?"

"ஓம் பிள்ளை. கிடைச்சிடுமோ எண்டும் பயம், கிடையாதோ எண்டும் பயம்."

இப்போது அங்கேதான் இருக்கிறார். தோண்டும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் நாடாவுக்கு இப்பால், காணாமல் போனவர்களின் மற்றக் குடும்பங்களோடு நிற்கிறாராம். பற்களில் என்ன தங்கும், எந்த எலும்பு கடைசிவரை இருக்கும் என்று தாய்மாருக்கு விளக்குகிறார். "இஞ்ச என்னை டொக்டர் எண்டுகினம் பிள்ளை. நான் கிளீனர் எண்டால் நம்புகினமில்லை" என்று ஒருமுறை போனில் சிரித்தார். மழை வந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய எச்சிலை இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று உறுதியாகச் சொல்லவும் அங்கே யாருமில்லை.

"எப்ப வாறியள் அண்ணை?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"இன்னும் பாதிதான் தோண்டியிருக்கினம்" என்றார். பிறகு யாரோ ஓர் அம்மா கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

அவருடைய இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கெட்டிக்காரர். வேலையை நேரத்துக்கு முடிப்பார், யாரிடமும் ஒரு கேள்வி கேட்கமாட்டார். அவரோடு வேலை செய்யும் காலைகள் எனக்கு மிகவும் நீளமாக இருக்கின்றன.