தூணில் கட்டிய கார்

"சேஸிஸ் நம்பரா? அது எதுக்குய்யா உனக்கு?" என்று போனில் சீறினார் ஸ்டோர் கீப்பர்.

"சார், நாங்க ஷோரூம்ல இருந்து பேசறோம். முன் கண்ணாடிக்குக் கீழ, ஓரமா ஒரு நம்பர் இருக்கும். கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா..."

"அப்படியே சாவியை எங்க வெச்சிருக்கேன்னும் சொல்லிடவா?"

போனை வைத்தார். அந்த நம்பரிலிருந்து இனி அழைப்பே வராதபடி செய்துவிட்டுத்தான் அடுத்த மூச்சு விட்டார்.

கார் வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளைக் கார். நம்பர் பிளேட்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் கள்ளன் மோப்பம் பிடித்துவிட்டான் பாருங்கள்!

ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர் அவர். பஞ்சு, ஊசி, கையுறை எது கேட்டாலும் மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றும் இருந்தால் நாலாவது எங்கே என்பார். அலமாரியை விட்டு இறங்காத சரக்குதான் பத்திரமான சரக்கு என்பது அவர் கட்சி. கார் எடுக்கப் போன இடத்திலும் அப்படித்தான். "உக்காருங்க சார், வண்டியைத் துடைச்சு வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறேன்" என்ற சேல்ஸ்மேனை அவர் நம்பவில்லை. என் வண்டியை இவன் எதற்கு ஓட்டுவது? மேஜை மேலிருந்த சாவியைத் தானே எடுத்து, பின்பக்கம் தானே போய், தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேறொருவன் கை ஸ்டீயரிங்கில் படவில்லை என்பதில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இன்னிக்காவது என்னை ஆபீஸ்ல விடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மனைவி. இடுப்பில் டாக்டர் கொடுத்த பட்டை. நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் நூலகத்தில் வேலை. இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்ததில் முதுகுத்தண்டு தேய்ந்து, இனி பஸ்ஸே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போகத்தான் ஏழு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கார் வாங்கியது.

"இன்னிக்கா? விளையாடறியா? இப்பத்தான் ஒருத்தன் போன்ல ஆழம் பாத்திருக்கான். இந்த நேரத்துல வண்டியை ரோட்டுல எடுத்தா, பின்னாலயே வந்து வீட்டைப் பாத்துட்டுப் போயிடுவான்."

அவள் பட்டையை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்றே ஓர் உறை வாங்கிவந்து காரைத் தலை முதல் கால் வரை போர்த்தினார். அதுவரை அந்தத் தெருவில் யாரும் அந்தக் காரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. போர்த்திய பிறகு போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"உள்ள என்ன சார் இருக்கு?" என்று கேட்டார் எதிர்வீட்டு டெய்லர்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா எவனாவது கேட்பானா? டெய்லர் பெயரும் ஸ்டோர் கீப்பரின் மனக் கணக்கில் ஏறியது.

மறுநாள் சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் உறையைத் தூக்கிக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்! யார்ரா அது?"

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரே ஒரு நம்பர். பாத்துட்டுப் போயிடறேன்."

"நம்பரா? இரு, வர்றேன்" என்று ஸ்டோர் கீப்பர் விளக்குமாற்றோடு பாய்ந்தார். வழுக்கைத் தலையர் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். செருப்பைச் சாட்சியாக ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்தார் ஸ்டோர் கீப்பர்.

அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் நம்பர் இருந்த இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். ஆள் கை பருமனில் ஒரு சங்கிலி வாங்கிக் காரை வாசல் தூணோடு கட்டிப் பூட்டினார். சங்கிலி குறுக்கே கிடந்ததில் கேட் மூடவில்லை. ஆக, இதுநாள் வரை மூடிக் கிடந்த வாசல் இப்போது ஆவென்று திறந்து கிடந்தது.

"கேட்டைத் திறந்துபோட்டுக் காரைக் கட்டி வெச்சிருக்கீங்களே, இதென்ன கூத்து?" என்றாள் மனைவி.

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. டெய்லரிடமே ஜாக்கி இரவல் வாங்கி நாலு சக்கரத்தையும் கழற்றினார். கட்டிலுக்கடியில் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் ஒன்று, இடம் போதாமல் குளியலறை வாசலில் ஒன்று. பாட்டரி சமையலறை அலமாரிக்குப் போனது. ஜாக்கி கொடுத்த டெய்லருக்குச் சக்கரம் இல்லாத விஷயம் தெரிந்துவிட்டதே என்று அடுத்த கவலை வந்தது. உறையை எடுத்துவிட்டு, புதுக் கார் என்றே தெரியாதபடி சேற்றைக் கரைத்து மேலெல்லாம் பூசினார்.

எதிர்ச்சாரியில் வழுக்கைத் தலையர் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை போனில் படம் எடுத்தார். எடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

"திருடனுக்கு அழுகை வேற" என்றார் ஸ்டோர் கீப்பர்.

சனிக்கிழமை காலையில் குளியலறை வாசலிலிருந்து "ஐயோ" என்று சத்தம் வந்தது. சக்கரம் தடுக்கி விழுந்த மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டரிடம் கொண்டுபோக வாசலுக்கு ஓடினார். அங்கே கார் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் டெய்லர்தான் தன்னுடைய ஓட்டை வேனில் படுக்கவைத்துக் கூட்டிப்போனார். எலும்புக்கு ஒன்றுமில்லை, நாலு நாள் படுத்திருக்கட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஸ்டோர் கீப்பருக்கு உயிர் வந்தது.

"எனக்குன்னுதானே வாங்கினீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதுல உக்காந்திருக்கேனா?" என்று கேட்டுவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. போனால் போகட்டும், நாளைக்கே வண்டியைத் தயார் பண்ணிவிட்டு, இவள் எழுந்ததும் உட்காரவைத்து ஊரையே சுற்றிக் காட்டுவது என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கிலியை அவிழ்த்தார். பாட்டரியை மாட்டினார். நாலாவது சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. போலீஸ் ஏட்டு இறங்கினார். பின்னால் அந்த வழுக்கைத் தலையர். அவருக்கும் பின்னால் ஷோரூம் சேல்ஸ்மேன்.

ஸ்டோர் கீப்பர் துள்ளி எழுந்தார். "சபாஷ்! பிடிச்சுட்டீங்களா? இவனேதான் சார்! இவன் செருப்புகூட எங்கிட்ட இருக்கு."

"ஸ்பேனரைக் கீழ போடுய்யா" என்றார் ஏட்டு. "நாங்க வர்றது தெரிஞ்சு சக்கரத்தை மாட்டிக்கிட்டுக் கம்பி நீட்டப் பாக்கறியா?"

"நானா?"

ஏட்டு காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சேற்றைத் தொட்டுப் பார்த்தார். கறுப்பு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். "நம்பரைக் கேட்டா போனை வெக்கற. ஆள் வந்தா அடிக்க வர்ற. ஸ்டிக்கர், சேறு, சங்கிலி... என் சர்வீஸ்ல திருட்டு வண்டியை இவ்வளவு சிரத்தையா ஒளிச்சு வெச்ச ஆளை நான் பாத்ததே இல்ல."

"திருட்டு வண்டியா? ரசீது இருக்கு சார்!"

சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்தபடி மனைவி வெளியே வந்தாள். கையில் பீரோவிலிருந்து எடுத்த ரசீது. ஏட்டு கண்ணாடிக்குக் கீழிருந்த நம்பரைப் படிக்கப் படிக்க, அவள் ரசீதில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவிலேயே விரல் நின்றுவிட்டது.

"இது நம்ம வண்டி இல்லைங்க" என்றாள்.

"என் வண்டிம்மா" என்றார் வழுக்கைத் தலையர். "அன்னிக்கு மேஜை மேல இருந்தது என் சாவி. உங்க வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டு வந்துட்டார்."

ஸ்டோர் கீப்பர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள் சோறு தண்ணி இல்லாமல் காவல் காத்தது ஊரான் காரை! மனைவி ரசீதை மடித்தாள்.

"அப்ப எங்க வண்டி?" என்று சேல்ஸ்மேனைக் கேட்டாள். "அதையும் யாராவது எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"எங்கயும் போகலம்மா" என்றான் சேல்ஸ்மேன். "ஒன்பது நாளா எங்க ஷோரூம் வாசல்ல, ரோட்டோரமாத்தான் நிக்குது. கண்ணாடிகூட ஏத்தல. சாவியும் அதுலயேதான் தொங்குது."