கியர் பெட்டிக்குள் ராகிக் களி

கழற்றிப் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சுவர்க் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடும். ஆனால் ஒரு 'டிக்'குக்கும் அடுத்த 'டிக்'குக்கும் நடுவில் ஏதோ இழுக்கிறது என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும். உடனே பாயை விரிப்பார், திருப்புளியை எடுப்பார், "அரை மணி வேலை" என்பார். பொழுது சாயும்போது கடிகாரம் தாம்பாளத்தில் கிடக்கும். திரும்பப் பூட்டியபின் நாலைந்து திருகாணி மிஞ்சினால் கலங்குவாரா? மாட்டார். "கம்பெனிக்காரன் தண்டத்துக்குப் போட்டிருக்கான்" என்று தகர டப்பாவில் போட்டுவைப்பார். டப்பா நிறைய நிறைய, வீட்டில் ஓடுகிற சாமான் குறைந்துகொண்டே வரும்.

இந்த இனத்தில் ஓசூரை அடுத்த மத்திகிரி திம்மராயப்பனை மிஞ்சிய ஆளை நான் கண்டதில்லை. நிலபுலம் உள்ளவர், நல்ல மனிதர், யாரிடமும் வம்புக்குப் போகாதவர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது பெங்களூரிலிருந்து ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிளை ஓட்டிவந்தார். அது முதல் யுத்தத்தையும் பார்த்திருக்கும் என்று ஊரில் பேச்சு. ஆனாலும் ஓடியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வாக்கில், அவர் மனைவி சம்பங்கியின் தம்பி முனிவேல், கிருஷ்ணகிரியில் தன் மகள் காவேரிக்குக் கல்யாணம் வைத்தான். மாப்பிள்ளை அழைப்பு குதிரையில் இல்லை, வில்வண்டியில் இல்லை, திம்மராயப்பனின் மோட்டாரில்! முனிவேல் இதைச் சம்பந்தி வீட்டில் சொல்லி, சந்தையில் சொல்லி, ஊரில் கேட்கக் காது உள்ள அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான். மோட்டார் வராவிட்டால் அவன் தலை நிமிர முடியாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் திம்மராயப்பன் காதில் ஒரு சத்தம் விழுந்தது.

"கியர் பொட்டியில கரகரங்குது, சம்பங்கி."

"அது மட்கார்டு ஆடுற சத்தங்க. ஒரு கம்பியப் போட்டுக் கட்டுங்க."

"உனக்கின்னா தெரியும்? அரை மணி வேலை."

கேட்டீர்களா அந்த அரை மணியை?

அன்று மத்தியானமே கியர் பெட்டி திறந்தது. உள்ளே புஷ் என்று ஒன்று. பயப்படாதீர்கள், சுழலும் தண்டைத் தாங்குவதற்காகத் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும் வெண்கல வளையம், அவ்வளவுதான். திம்மராயப்பன் அதைக் குற்றவாளி என்று தீர்மானித்தார். அதுவோ கிணறுபோல அடி மூடிய துளையில் இருந்தது. பின்னாலிருந்து தட்டவும் வழியில்லை, முன்னாலிருந்து பிடித்து இழுக்கவும் விளிம்பில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார். அசையவில்லை. கெஞ்சினார். அசையவில்லை. காளையைப் பூட்டி இழுக்கலாமா என்று யோசித்து, காளையின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

சேதி பரவி ஆட்கள் கூடினார்கள். ஓசூர்ப் பக்கத்தில் ஒரு வசதி: எந்தக் கஷ்டத்துக்கும் மூன்று பாஷையில் யோசனை கிடைக்கும். மேலண்டை வீட்டுக்காரர் கன்னடத்தில் "பிசி மாடி" என்றார், சூடாக்கச் சொல்லி. கீழண்டை வீட்டுக்காரர் தெலுங்கில் "கொட்டண்டி" என்றார், அடிக்கச் சொல்லி. தமிழில் பேசிய பெருமாள் இரண்டையும் செய்யச் சொன்னார். பெட்டி வெந்நீர் அண்டாவில் இறங்கியது. அடுத்த நாலு நாள் அந்த வீட்டில் குளித்தவர்கள் எல்லாரும் கிரீஸ் வாசனையோடு நடமாடினார்கள். புஷ் மட்டும் சுகமாகக் குளித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகச் சம்பங்கி வாசலில் வந்து நின்றாள்.

"பஸ்ஸு போயிடும். வர்றீங்களா, இல்லியா?"

"நீ முன்னால போ. நான் மோட்டார்லயே வந்து உனக்கு முன்ன நிக்கிறேன்."

"தம்பி மொகத்துல நான் எப்படிங்க முழிக்கிறது?" என்றாள். குரல் உடைந்தது. அவருக்கும் என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் கண் புஷ்ஷைவிட்டு நகரவில்லை.

அவள் போனபின் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் ராகிக் களி. கோபத்தில் விரலால் ஒரு குத்து குத்தினார். குத்திய குழியைச் சுற்றிக் களி மேலே பிதுங்கியது. திம்மராயப்பனின் கை அப்படியே நின்றது. நடுவில் அமுக்கினால் ஓரத்தில் எழும்புகிறதே, அப்படியே புஷ்ஷையும் கீழிருந்து தூக்காதா!

துளைக்குள் களியைத் திணித்தார். புஷ்ஷுக்குள் கச்சிதமாகப் பொருந்துகிற அதே தண்டை நுழைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. களி நேராக அவர் மூக்குக்கு வந்தது. இளகிய களி! அடுப்பில் ஏற்றி இன்னும் கெட்டியாகக் கிண்டினார். அந்த மனிதர் அடுப்படிக்குள் போனது அதுவே முதல் தடவை. திரும்பத் திணித்து அடித்தார். புஷ் நெல்லளவு எழும்பியது. இன்னும் களி, இன்னும் அடி. வீட்டிலிருந்த களியெல்லாம் தீர்ந்த நேரத்தில், 'டப்'பென்று புஷ் வெளியே குதித்து முற்றத்தில் உருண்டது. மேலண்டையும் கீழண்டையும் பெருமாளும் கைதட்டினார்கள். திம்மராயப்பன் அழுதேவிட்டார்.

புதுப் புஷ் எங்கே? அது பெங்களூரில் இருக்கலாம், சீமையில் இருக்கலாம். அதையெல்லாம் இந்த இனம் கழற்றுவதற்கு முன் யோசிப்பதில்லை.

நிலக்கடலை லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து அவர் கிருஷ்ணகிரி சேர்ந்தபோது, மாப்பிள்ளை அழைப்பு ஆரம்பிக்காமல் நின்றுகொண்டிருந்தது. மேளக்காரர்கள் வாசித்ததையே வாசித்து அலுத்துப்போயிருந்தார்கள். முனிவேல் ஓடிவந்தான்.

"மாமா! மோட்டாரு எங்க மாமா?"

திம்மராயப்பன் வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பூப்போலப் பிரித்து, புஷ்ஷை நீட்டினார்.

"இதோ."

முனிவேல் அவர் முதுகுக்குப் பின்னால் மோட்டாரைத் தேடினான். சம்பங்கி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். திரும்பிப் போகிற உதறல் அது. அப்போது மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புஷ்ஷை வாங்கினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடி மூடின தொளையாச்சே மாமா. எதை வெச்சி எடுத்தீங்க?"

"களி."

"களியா!" மாப்பிள்ளை அங்கேயே குந்திவிட்டான். "கெட்டிக் களியா, எளகினதா? எங்கூட்டு கிராமபோன்லயும் ஒரு சத்தம் வருது மாமா..."

மாப்பிள்ளைக்கே மனக்குறை இல்லை என்றபின் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் விரித்து உட்கார்ந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை நடந்தேதான் பந்தலுக்குப் போனான், மாமாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, வழி முழுக்கப் பேசிக்கொண்டு. முனிவேலின் மானம் எப்படியோ தப்பியது. சம்பங்கிதான் சிரிக்கவில்லை. நேராக மணப்பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காவேரி, நகைப் பொட்டியப் பத்திரமா வெச்சிக்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது கெடக்கட்டும். அந்தூட்டுல திருப்புளி எங்க இருக்குதுன்னு மொதல்ல பாத்து வெச்சிக்க கண்ணு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கதைக்கு நடுவே ஒரு தரம் நிமிர்ந்து உங்கள் வீட்டு ரேடியோ பக்கம் காதைத் திருப்பினீர்களே, எதற்காக? நன்றாகத்தானே பாடுகிறது? லேசாக ஏதோ இரைகிற மாதிரி இருக்கிறதா? அரை மணி வேலைதான் என்று தோன்றுகிறதா?